மூங்கில் நகர்ந்த காலை

மூன்று வருடங்களுக்கு முன்பு, காணும் பொங்கலுக்கு மறுநாள் காலையில், மரக்காணம் பக்கத்து உப்பங்கழி ஒன்றில் நடந்தது இது. எங்கள் ஊர் ஆரணி. அங்கிருந்து கடலுக்கு வண்டியில் மூன்று மணி நேரம். ஊரில் ஓர் ஆறு இருக்கிறது, ஆனால் வருடத்தில் சில வாரங்கள்தான் அதில் தண்ணீர் ஓடும். தண்ணீரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஏரியும் கிணறும்தான்.

எனக்கு மட்டும் கூடுதலாகத் தெரியும் என்று ஒரு நினைப்பு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரியில் கிளீனராகப் போனேன், களம்பூர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினேன், எங்கேயும் ஒரு வருடம் தரித்ததில்லை. ஏலகிரியில் படகுத்துறையில் மட்டும் இரண்டரை வருடம் இருந்தேன். சுற்றுலா வருகிறவர்களை உட்கார வைத்துப் படகைத் தள்ளிவிடுவது, நடு ஏரியில் பயந்து நிற்கிறவர்களைப் போய் இழுத்து வருவது. அதனால் நண்பர்கள் மத்தியில் தண்ணீர் விஷயத்தில் நான் சொன்னால் சொன்னதுதான்.

நண்பர்கள் இருவர். ஒருவன் சேலை வியாபாரி. இன்னொருவன் விசைத்தறி ஓட்டுகிறவன். மூவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தவர்கள். வியாபாரி செல்போனில் யாரோ கயாக்கில் போய் மீன் பிடிக்கிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் இரண்டு கயாக்கை வாங்கியே விட்டான். ஒல்லியான பிளாஸ்டிக் படகுகள். ஒன்றில் இரண்டு பேர் உட்காரலாம், மற்றதில் ஒருவர்தான். மழைக்குப் பிறகு சந்தவாசல் பக்கம் ஓர் ஏரியில் விட்டுப் பழகினோம். தறி ஓட்டுகிறவனுக்குத்தான் துடுப்பு அழகாக வந்தது. ஒற்றைப் படகு அவனுக்கு என்று ஆயிற்று.

அவனுக்குக் காது கேட்பது குறைவு. பதினைந்து வருடம் தறிச் சத்தத்துக்குள் நின்ற காது அது. பக்கத்தில் நின்று கத்தினாலும் பாதிதான் விழும். அதற்கு முந்தின ஆடியில்தான் காதில் மாட்டும் மிஷின் ஒன்று வாங்கியிருந்தான். குழந்தையைப் பார்த்துக்கொள்வது போல அதைப் பார்த்துக்கொள்வான்.

பொங்கலுக்குத் தறிகள் நின்றிருந்ததால் அவனுக்கு லீவு. விடியும் முன்பே கயாக்குகளை வியாபாரியின் லோடு வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பினோம். வியாபாரி வீட்டில் திண்டிவனத்தில் கல்யாணம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். நாங்கள் மூன்று பேரும் எங்கே இருக்கிறோம் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

கரையில் இறங்கியபோது மணி ஆறரை. பனி லேசாகத்தான் இருந்தது. தண்ணீரில் காலை வைத்தால் வெதுவெதுப்பு. ஆள் நடுங்கும் குளிரில் தண்ணீர் மட்டும் வெந்நீர் போல இருந்தது, அதன் மேல் ஆவி எழுந்து போய்க்கொண்டிருந்தது.

"மச்சான், அந்த மிஷினக் கழட்டி வண்டியிலயே வெச்சிடு. உப்புத் தண்ணி பட்டா பேஜாராயிடும்" என்று நான்தான் சொன்னேன்.

"அப்பறம் நீங்க பேசறது எனக்கு எப்பிட்றா கேக்கும்?"

"மீன் புடிக்கப் போறோமா, பட்டிமன்றத்துக்குப் போறோமா?" என்றான் வியாபாரி. "பேசினா மீன் ஓடிப்பூடும். வாய மூடிகினு வா."

அவன் மிஷினைத் துணியில் சுற்றி, செல்போன்களோடு வண்டியின் டேஷ்போர்டில் வைத்துப் பூட்டினான். மிதவை உடுப்பு மூன்று இருந்தது. துடுப்பு போட இடைஞ்சலாக இருக்கிறதென்று மூவருமே அதைக் கழற்றி உட்கார மெத்தையாகப் போட்டுக்கொண்டோம். எனக்குக் கிணற்று நீச்சல் தெரியும். மற்ற இருவருக்கும் அதுவும் தெரியாது. படகுத்துறையில் இருந்தபோது உடுப்பு போடாத ஒருவரைக்கூட ஏற விட்டவனில்லை நான்.

அரை மணி நேரம் துடுப்பு போட்டிருப்போம். பனி குறையும் என்று பார்த்தால் ஏறிக்கொண்டே போனது. முதலில் கரை மறைந்தது. பிறகு பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்த அவனுடைய சிவப்புப் படகு மங்கி, வெறும் நிழலாகி, அதுவும் இல்லாமல் போனது. எங்கள் படகின் மூக்கு எனக்கே தெரியவில்லை.

ஏலகிரியில் பனி இறங்கினால் ஒரே விதிதான். துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். பனி விலகும்போது நீங்கள் அங்கேயே இருப்பீர்கள். அதையே வியாபாரியிடம் சொன்னேன். துடுப்பை எடுத்து வைத்தோம். தூண்டிலைக்கூடப் போடவில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

தறி ஓட்டுகிறவனுடைய குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

தறிக்கொட்டகையில் ஒருவர் பேசுவது ஒருவருக்கும் கேட்காது. ஆனாலும் இவன் எட்டு மணி நேரமும் பேசிக்கொண்டே வேலை செய்வான். யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. அன்றும் அப்படித்தான் பேசினான். பொங்கலுக்கு மாமியார் வீட்டில் வைத்த கறியைப் பற்றி, முதலாளியின் புது பைக்கைப் பற்றி. எங்களுக்கு வலது பக்கம், கொஞ்ச தூரத்தில். தெளிவாக.

"டேய், இங்க வாடா!" என்று கத்தினோம். அவனுக்குக் கேட்காது என்று தெரிந்தேதான் கத்தினோம்.

அப்போதுதான் அவன், "ஆமா, ஆமா, நீ சொல்றது கரெக்டு" என்றான்.

நான் வியாபாரியைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். காது கேட்காதவர்கள் எதிராளி ஏதோ சொன்னதாக நினைத்து இப்படிப் பதில் சொல்லிவிடுவது உண்டு. அதற்கு எதிரில் ஓர் ஆளாவது இருக்க வேண்டுமே?

"ஏன்டா ரெண்டு பேரும் முதுகக் காட்டிகினு உக்காந்துகினு இருக்கீங்க?" என்றது அவன் குரல். பிறகு ஒரு சிரிப்பு.

வியாபாரியின் கை என் சட்டையைப் பிடித்தது. "இன்னாடா, யார் கூடப் பேசறான்?" என்று காதோடு கேட்டான்.

குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. வலது பக்கம் கேட்டது பின்னால் போனது. அவன் யாரோடோ பேசிக்கொண்டே எங்களை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தான். நீச்சல் தெரியாது, காது கேட்காது, உடுப்பு மேலே இல்லை. மிஷினைக் கழற்றச் சொன்னது நான். அவனுடைய இரண்டு சின்னப் பெண் குழந்தைகள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று நினைத்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் துடுப்பைத் தொடவில்லை. நாமும் கிளம்பினால் இரண்டு படகும் தொலையும், ஒன்றாவது நின்ற இடத்தில் நிற்கட்டும் என்பது என் கணக்கு.

அத்தனை பயத்திலும் எனக்குள் ஒரு மூலை நிம்மதியாக இருந்தது. அதற்குக் காரணம் ஒரு சத்தம். எங்கோ முன்னால், ஒரே சீராக, அடங்காமல் ஓர் இரைச்சல். தெருக்கோடியில் இருந்து கேட்டால் தறிக்கொட்டகைகள் எல்லாம் சேர்ந்து அப்படித்தான் இரையும். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் தூங்கி அதிலேயே எழுந்திருக்கிறவர்கள் நாங்கள். அது நின்றால்தான் எங்கள் ஊரில் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கேட்டால் பார்க்க மாட்டார்கள். பக்கத்தில் ஊர் இருக்கிறது என்று மனதில் எங்கேயோ பதிந்து, அதோடு அந்தச் சத்தத்தை நாங்கள் இருவருமே விட்டுவிட்டோம்.

"அங்க பார்" என்றான் வியாபாரி.

பனிக்குள்ளிருந்து ஒரு மூங்கில் வந்தது. தண்ணீரில் செங்குத்தாக நின்றபடி, எங்களைப் பார்த்து மெதுவாக நகர்ந்து வந்தது. அதன் அடியில் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து சுழித்தது, பாம்பு நீந்தும்போது பிரியுமே அப்படி. கை நீட்டினால் தொடும் தூரத்தில் எங்களைக் கடந்து, அதே வேகத்தில் பின்னால் போய்ப் பனிக்குள் மறைந்தது.

"மூங்கில் நடக்குதுடா" என்றான் வியாபாரி. அழுகிற குரல்.

அது வலை கட்ட ஊன்றிய மூங்கில். ஊன்றிய மூங்கில் நகராது. இந்த ஒன்று என் மண்டையில் ஏற எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. ஏறியதும் மற்றதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. நகர்வது நாங்கள். தண்ணீர் எங்களைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஏரித் தண்ணீர் நிற்கும், கடலோரத் தண்ணீர் நிற்காது. பொங்கல் லீவில் எந்த ஊரில் தறி ஓடுகிறது? முன்னால் இரைவது கடல்.

"துடுப்ப எடு! ஜல்தி!"

படகைத் திருப்பினோம். திரும்பிய பிறகு எந்தப் பக்கம் போவது என்பதற்கு அவனுடைய குரல் ஒன்றுதான் இருந்தது. தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல, அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். அதை நோக்கித் துடுப்பு போட்டோம். அதுவரை அசையாமல் இருப்பதாக நாங்கள் நம்பிய தண்ணீர் அப்போது எதிர்த்து நின்றது. நாலு துடுப்பு போட்டால் ஒரு துடுப்பு தூரம்தான் போக முடிந்தது. வியாபாரி வேண்டாத சாமி இல்லை. தேவிகாபுரத்து அம்மனுக்கு மொட்டை என்றான், அடுத்த மூச்சில் எனக்கும் சேர்த்து மொட்டை என்றான்.

அப்போது குரல் நின்றது.

அந்த அமைதியை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. முன்னாலும் வெள்ளை, பின்னாலும் வெள்ளை. முதுகுக்குப் பின்னால் இரைச்சல் மட்டும். பேசிக்கொண்டே இரு என்று அவனிடம் சொல்ல வழி கிடையாது. எத்தனை முறை, "கொஞ்ச நேரம் வாய மூட்றா" என்று அவனைச் சொல்லியிருப்பேன். அன்றைக்குத் துடுப்பு போட்டபடியே, பேசுடா, எதையாவது பேசுடா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். உள்ளங்கை உரிந்து துடுப்பு வழுக்கியது.

"மாட்டிகிச்சுடா! டேய்! பெரிசுடா!"

இடது பக்கம். நாங்கள் போய்க்கொண்டிருந்த திசைக்குச் சம்பந்தமே இல்லாத பக்கம். திருப்பினோம்.

சிவப்புப் படகு கண்ணில் பட்டபோது அவன் முழங்கை நீளக் கொடுவா மீன் ஒன்றை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. எங்களைப் பார்த்தான், பிறகு தனக்கு அந்தப் பக்கம் பார்த்தான், மறுபடி எங்களைப் பார்த்தான். அவனுக்கு அந்தப் பக்கம் இரண்டு மூங்கில்கள் நின்றன. ஒன்றில் ஒரு பழைய சட்டையும் இன்னொன்றில் ஒரு சாக்கும் மாட்டியிருந்தன. பனியில் பார்த்தால் முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

அவன் அவற்றை நாங்கள் என்று நினைத்திருக்கிறான். நாங்கள் மெதுவாக முன்னால் போவது போல அவனுக்குத் தெரிந்ததாம். விட்டுவிடக்கூடாது என்று அவனும் தூண்டிலைப் பின்னால் இழுபட விட்டு, துடுப்பை நிறுத்தாமல் போட்டு, கூடவே வந்திருக்கிறான். அப்படி அவன் வந்தது எல்லாம் நின்ற இடத்தில் நின்றதுதான்.

மூங்கிலைப் பிடித்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்திருந்தோம். எட்டரை மணி போலப் பனி விலகியது. கிழக்கே, ஒரு தெரு நீளம் தள்ளி, முகத்துவாரம் தெரிந்தது. உப்பங்கழித் தண்ணீர் முழுவதும் அந்த வாய்க்குள் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு அப்பால் அலைகள் எழுந்து எழுந்து வெள்ளையாக உடைந்தன.

மூங்கில்களுக்குச் சொந்தக்கார மீனவர் சின்னப் படகில் வலை பார்க்க வந்தார்.

"எந்த ஊருப்பா?"

"ஆரணிங்க."

"பட்டு ஊருக்காரங்களா?" கொடுவாவைப் பார்த்தார், எங்கள் கைகளைப் பார்த்தார். "தண்ணி வத்திக் கடலுக்கு ஓடற நேரத்துல எவன்பா உங்கள எறக்கி உட்டது? அந்த வாயத் தாண்டியிருந்தீங்கனா படகு ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கம்." வேறு எதுவும் கேட்கவில்லை. கயிறு போட்டு இரண்டு கயாக்கையும் கரை வரைக்கும் இழுத்து வந்து விட்டார். மீனைக் கொடுத்தோம், வேண்டாம் என்றுவிட்டார்.

வண்டியில் ஏறி அவன் மிஷினை மாட்டிக்கொண்ட பிறகுதான் நடந்ததை முழுக்கச் சொன்னோம். திண்டிவனம் வந்ததும் அவன் என் பக்கம் திரும்பி, "அப்ப கையத் தூக்கிக் காட்டினது யாருடா?" என்றான். சட்டை போட்டவன் ஒருமுறை திரும்பாமலே கையைத் தூக்கி, கூட வா என்பது போல ஆட்டினானாம். அதனால்தான் அவன் அங்கேயே விடாமல் துடுப்பு போட்டானாம். காற்றில் சட்டைக் கை ஆடியிருக்கும் என்றான் வியாபாரி. அன்று காலையில் காற்று கிடையாது. அது மூவருக்கும் தெரியும்.

வியாபாரி கயாக்குகளை விற்றுவிட்டான். தேவிகாபுரத்தில் இரண்டு மொட்டையும் போட்டாயிற்று. நான் இன்னும் ஊர் ஊராகத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். இத்தனை ஊர்களில் எத்தனையோ பேர் என்னை விட்டு விலகிப் போனார்கள் என்றுதான் அதுவரை எல்லோரிடமும் சொல்லி வந்தேன். இப்போது யாருடைய குரலாவது எனக்குத் தேய்ந்து கேட்டால், அவர்கள்மேல் கோபப்படுவதற்கு முன் எதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, நகர்வது யார் என்று முதலில் பார்க்கிறேன்.