அனார்குல் அண்ணியின் வியாழக்கிழமைக் கடை

ஐம்பத்தேழு வயதில் அனார்குல் அண்ணி நரின் சந்தையில் கடை திறந்தாள். திறந்த அன்றே அவள் புருஷன் செத்துப்போனதாக ஊரெல்லாம் பேச்சு கிளம்பியது. கிளப்பியவன் நான்தான். நரினுக்கும் தலைநகர் பிஷ்கெக்குக்கும் நடுவில் மினிபஸ் ஓட்டுகிறேன். என் வண்டியில் ஏறிய செய்தி வண்டிக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும்.

அண்ணி முப்பத்தோரு வருஷம் பாலர் பள்ளியில் சமையல்காரி. இன்று நரினில் மீசை வைத்திருக்கிற ஆண்களில் பாதிப் பேர் அவள் கையால் கஞ்சி குடித்தவர்கள். மீதிப் பேர் குடிக்க மாட்டேன் என்று அவளிடம் அடி வாங்கியவர்கள். ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினொரு நாள் சும்மா உட்கார்ந்தாள். அந்தப் பதினொரு நாளில் வீட்டில் கழுவியதையே கழுவி, பாத்திரமெல்லாம் தேய்ந்து காகிதமாகிவிட்டது. பன்னிரண்டாம் நாள், மாவு விற்கிற வரிசைக்குப் பின்னால் ஒரு பழைய நீலக் கன்டெய்னரை வாடகைக்குப் பிடித்தாள்.

போர்சோக் பொரித்து விற்கப்போகிறாளாம்.

மாவைத் துண்டு போட்டு எண்ணெயில் உப்பவைத்து எடுப்பதுதானே என்று நினைக்காதீர்கள். போர்சோக் இல்லாமல் எங்களுக்குக் கல்யாணமும் இல்லை, சாவும் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வீடு எண்ணெய் காயவைத்து நாலு துண்டாவது பொரிப்போம். அந்த வாசம்தான் செத்தவர்களுக்குச் சாப்பாடு. ஆனால் இப்போது பெண்கள் ஆஸ்பத்திரியில், வங்கியில், சந்தையில் வேலை பார்க்கிறார்கள். மாவு பிசைய யாருக்கு நேரம்? செத்தவர்கள் வாராவாரம் பட்டினி. அண்ணி கண்டுபிடித்த வியாபாரம் இதுதான்.

அவள் புருஷன் சத்திபால்தி அண்ணனுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. அவர் என் பெரியப்பா மகன். நான் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே சண்டை நடந்தது.

"ஏ கிழவி, எண்ணெய் வாசத்த வித்தா நாம பொழைக்கணும்? ஊர்ல என் மூஞ்சிய எங்க கொண்டு போய் வைப்பேன்?"

"உங்க மூஞ்சிய யாரு கடையில வைக்கச் சொன்னா? வச்சா வர்றவங்களும் ஓடிருவாங்க. முப்பத்தோரு வருஷம் கவர்மென்ட் கரண்டியப் புடிச்சேன். இனிமே என் கரண்டி."

"ஒரு மாசம் தாங்காது பாரு."

"தாங்கலன்னா நானே இழுத்து மூடறேன். நீங்க வந்து மூட வேணாம்."

பிஷ்கெக்கில் இருக்கிற மகள் ஐசுரோக் போனில் யோசனை சொன்னாள். "மொதல் நாள் சும்மா குடும்மா. ருசி கண்டுட்டா அப்புறம் தானா வந்து வாங்குவாங்க. இங்கல்லாம் அப்பிடித்தான்."

அண்ணி அப்படியே செய்தாள். சந்தை முழுக்கச் சுற்றி ஆளுக்கொரு பொட்டலம். காகிதத்தில் சரியாக ஏழு துண்டு பிடித்தது, ஏழேழாகக் கட்டினாள். எண்ணெய்க் கறை தெரியாமல் இருக்கட்டும் என்று வெள்ளை முக்காட்டை வீட்டில் வைத்துவிட்டுக் கருநீல முக்காடு கட்டிக்கொண்டாள். அன்று வியாழக்கிழமை.

எங்கள் ஊரில் ஒரு பெண், வியாழக்கிழமையில், கருநீல முக்காட்டோடு, ஏழு துண்டு போர்சோக்கைக் காசு வாங்காமல் கையில் திணித்தால், அவள் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நூறு சாவு வீட்டுக்குப் பொரித்துக் கொடுத்த கை அண்ணியுடையது. ஆனால் அன்று அவள் தலை முழுக்க வியாபாரம்.

எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது. வண்டி கிளம்புகிற அவசரம். சன்னல் வழியாக நீட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள். முக்காட்டைப் பார்த்தேன், துண்டுகளை எண்ணினேன், இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்து, செத்தவருக்காக ஓமின் என்று பிரார்த்தனை சொன்னேன். எப்படிப் போனார் என்று சந்தையில் நின்று கேட்பது மரியாதையா? நான் கேட்கவில்லை. ஊரும் கேட்கவில்லை. வண்டியில் இருந்த பதினாறு பேரிடமும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்து, அண்ணன் கடைசியாக என் பெயரைத்தான் சொன்னார் என்றுகூடச் சேர்த்துவிட்டேன். வழியில் கோச்கோரில் டீக்கடை வைத்திருக்கிற எங்கள் சொந்தக்காரன் குபாத்திடமும் வண்டியை நிறுத்திச் சொன்னேன்.

மறுநாள் காலை குபாத் ஒரு செம்மறியாட்டைக் காரின் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு வருவானா? தெருமுனையிலேயே இறங்கி, முறைப்படி குனிந்து, இடுப்பில் கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஓட ஆரம்பித்தான். "என் மலையே! என் தூணே! உன் முகத்தை இனி எங்கே பார்ப்பேன்!" குபாத்தின் குரலுக்கு மலையில் பனி சரியும். வாசலில் நின்ற ஆளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினான்.

அந்தக் கழுத்து சத்தி அண்ணனுடையது. வாசல் கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர். அழுதுகொண்டு வருகிறவனைக் கட்டிக்கொண்டு பதிலுக்கு அழுவதுதானே வழக்கம்? அவரும் கண்ணை மூடிக்கொண்டு, "ஐயோ என் சிங்கமே!" என்று சேர்ந்து அழுதார். இரண்டு பேரும் நன்றாக அழுது முடித்தபிறகு அண்ணன் மெதுவாகக் கேட்டார்:

"யாருப்பா போனது?"

குபாத் கண்ணைத் திறந்தான். "அண்ணே... நீங்கதான்."

இதைச் சொல்லி நான் நூறு இடத்தில் சிரிக்கவைத்திருக்கிறேன். ஆனால் அன்று அண்ணன் சிரிக்கவில்லை. எண்ணெய்க் குப்பியை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

காரணம் உண்டு. அவருக்கு முன்னால் பிறந்த நான்கு பேரும் தொட்டிலிலேயே போய்விட்டார்கள். இவர் பிறந்ததும் பெரியம்மா இவரைப் பக்கத்து வீட்டுக் கிழவியிடம் கொடுத்து, ஒரு படி தவிடு அளந்து கொடுத்து விலைக்கு வாங்கினாள். சாவு தேடி வந்தால், இது அந்த வீட்டுப் பிள்ளையே இல்லை என்று ஏமாந்து போகட்டும் என்று. சத்திபால்தி என்ற பெயருக்கே விலைக்கு வாங்கிய பிள்ளை என்றுதான் அர்த்தம். அறுபத்திரண்டு வருஷமாகச் சாவுக்குத் தன் விலாசம் தெரியாது என்று நிம்மதியாக இருந்த மனுஷன். இப்போது பெண்டாட்டியே சந்தையெல்லாம் பொட்டலம் கட்டி விலாசம் கொடுத்துவிட்டாள்.

அன்று மட்டும் இன்னும் ஐந்து பேர் அழுதுகொண்டு வந்தார்கள். ஒவ்வொரு அழுகைக்கும் அண்ணன் சுவர்ப் பக்கம் ஒரு சாண் திரும்பினார். சாயங்காலத்துக்குள் மூக்கு சுவரைத் தொட்டுவிட்டது. சாவுக்கு வந்த ஆட்டைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது என்று குபாத் விட்டுவிட்டுப் போய்விட்டான். முல்லா வந்து, "உயிரோட இருக்கறதுக்கு நன்றியா அறுத்துச் சாப்பிடுங்க" என்றார். "என் சாவுக்கு வந்த ஆட்டுக்கறி என் தொண்டையில எறங்குமா?" என்றார் அண்ணன். அது முற்றத்தில் நின்று கத்திக்கொண்டே இருந்தது. அது கத்தும்போதெல்லாம் அண்ணன் மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஐந்து நாள் கழித்து நான் மன்னிப்புக் கேட்கக் கடைக்குப் போனேன். அண்ணி சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"எண்ணெய்ப் புகைடா" என்றாள். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

"அண்ணி, என் நாக்கை அறுத்து ஆட்டுக்குப் போடுங்க."

"அந்த ஆடு பாவம், அதுக்கு விஷம் வைக்கச் சொல்றியா?" சிரிக்கவில்லை. "ஒருத்தரும் வாங்கல எசென். உசுரோட இருக்கற புருஷனுக்குத் தானம் போட்டவன்னு ஒதுங்கிப் போறாங்க. அவரு கடைய மூடுன்னு சொல்லிட்டாரு. மூடினாதான் எழுந்திருப்பாராம்."

"மூடப் போறீங்களா?"

"அங்க முப்பத்தோரு வருஷம் தினமும் நூத்திருவது பிள்ளைங்க. இங்க அஞ்சு நாளா ஒரு ஈ. மூடறதுக்குக்கூட எனக்குக் கை வர மாட்டேங்குது."

அப்போது ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்து நின்றாள். புருஷனை இழந்தவள், நான்காம் மாடியில் குடியிருப்பவள். வாங்க வரவில்லை, குறை சொல்ல வந்தவள்.

"உங்க சட்டியில நீங்க பொரிச்சா உங்க வீட்டு ஆளுக்குத்தான் போய்ச் சேரும். என் வீட்டுக்காரருக்கு எப்பிடிப் போகும்? என் கையால போட்டாத்தானே?"

அண்ணி அவளையே பார்த்தாள். எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். எண்ணெய் காய்ந்ததும் ஒரு மாவுத் துண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"அப்ப உங்க கையாலயே போடுங்க டீச்சர். மொதத் துண்டு உங்களுது. பேரச் சொல்லிப் போடுங்க. மிச்சத்த நான் பொரிச்சுத் தர்றேன்."

டீச்சர் ஒரு பெயரைச் சொன்னாள். துண்டு விழுந்து உப்பியது. அவள் முக்காட்டின் நுனியை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த வியாழக்கிழமை ஒன்பது பேர். அதற்கடுத்த வாரம் வரிசை மாவுக் கடைகளைத் தாண்டி ஆற்றங்கரை வரைக்கும் நின்றது. இன்னும் இரண்டு பேர் வந்திருந்தால் தண்ணீரில்தான் நின்றிருப்பார்கள். போலீஸ்காரர்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டு, அப்பா பெயரைச் சொல்லி ஒரு துண்டு போட்டார். வாசலில் ஒரு பலகை மாட்டினாள் அண்ணி: முதல் துண்டு உங்கள் கையால்.

கடை பிழைத்தது. வீடு பிழைக்கவில்லை.

மூன்று வாரம் படுத்திருந்த அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"வியாழக்கெழம வந்தா ஊர்ல செத்தவன் பேரெல்லாம் உன் சட்டியில விழுது. அந்தக் கையோட வந்து எனக்குச் சோறு போடற. நாளைக்கு என் பேரும் அதுல விழும்."

"நான் இருக்கறவரைக்கும் உங்க பேரு அதுல விழாது."

"கடைய மூடுவியா, மாட்டியா?"

"வியாழக்கெழம வேணா ஆள் போட்டுப் பாத்துக்கறேன். நான் வீட்ல இருக்கேன்."

"மூடுவியான்னு கேட்டேன்."

நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிப் பேச்சை மாற்றலாமா என்று வாயைத் திறந்தேன். அண்ணி கையைக் காட்டி அடக்கினாள். என் வாயை ஒருவர் அப்படி அடக்கியது என் வாழ்க்கையில் அது ஒரு தடவைதான்.

"மாட்டேன்" என்றாள் அண்ணி. குரல் எழும்பவே இல்லை. "பயமா இருக்குன்னு சொல்லுங்க, பக்கத்துல உக்காந்துக்கறேன். மூடுன்னு சொல்லாதீங்க."

அண்ணன் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். வேறு வண்டி கிடைக்காத மாதிரி என் வண்டியில்தான் ஏறினார், என் பக்கத்துச் சீட்டில். அண்ணி ஒரு பெரிய பை நிறையப் போர்சோக்கை எங்கள் சீட்டுகளுக்கு நடுவில் வைத்தாள். "ஐசுரோக்குக்கு" என்றாள், என்னைப் பார்த்து. அண்ணனைப் பார்க்கவில்லை. அவரும் முன்கண்ணாடியையே முறைத்துக்கொண்டிருந்தார். வண்டியைக் கிளப்பியபோது அவள் கை சன்னல் விளிம்பில் இருந்தது. எடுக்கட்டும் என்று நான் காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து எடுத்தாள்.

தோலோன் கணவாயில் பனி. இரண்டு மணி நேரம் வண்டிகள் நின்றன. பின் சீட்டில் ஒரு குழந்தை பசியில் அழுதது. நான் பையை அவிழ்த்துப் பின்னால் கொடுத்தேன். வண்டியே மென்றது. அண்ணனுக்கு நீட்டினேன், தலையை ஆட்டினார்.

"யாரு சுட்டது இது? வாயில கரையுதே" என்றாள் பின்னால் ஒரு அம்மா. "மகனுக்கு வசந்தத்துல கல்யாணம். அறுபது கிலோ வேணும். எங்க கெடைக்கும் டிரைவர் தம்பி?"

நான் அண்ணனைப் பார்த்தேன். இந்த ஒரு செய்தியை மட்டும் என் வாயால் சொல்லப் பயமாக இருந்தது. அந்த அம்மா மறுபடி கேட்டாள்.

"நரின் சந்தை" என்றார் அண்ணன், கண்ணாடியைப் பார்த்தபடியே. "மாவு வரிசைக்குப் பின்னால நீலக் கன்டெய்னர். முன்பக்கமா போகாதீங்க, சேறு. எடைபோடற கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கும். காலையில போங்க, பத்து மணிக்கு மேல வெயில் நேரா கண்ணுல அடிக்கும், அவளுக்கு ஆள் மூஞ்சி தெரியாது."

படுத்த படுக்கையாக இருந்த மனுஷன். அந்தப் பக்கம் காலே வைக்கவில்லை என்று ஊருக்கெல்லாம் சொன்னவர்.

"அண்ணே, வண்டிய திருப்பட்டுமா?"

"ஓட்டுடா" என்றார்.  பிஷ்கெக்கில் இறங்கும்போது, "அவகிட்ட சொல்லாத" என்றார்.

என்னிடம் போய் அதைச் சொன்னால்? மறுநாளே கடைக்குப் போனேன். அன்று வியாழக்கிழமை, வரிசை நின்றது. ஒன்று விடாமல், சேறு முதல் வெயில் வரை சொன்னேன். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. அண்ணி ஜல்லிக்கரண்டியால் சட்டியைக் கிளறிக்கொண்டே கேட்டாள். சட்டியில் இருந்த துண்டுகள் ஒரு பக்கம் கருகிவிட்டன. முப்பத்தோரு வருஷத்தில் அவள் ஒன்றைக் கருகவிட்டு யாரும் பார்த்ததில்லை.

"சாப்பிட்டாரா?" என்றாள்.

"இல்ல அண்ணி."

கருகியதை எல்லாம் அள்ளித் தனியாகக் கொட்டினாள். வரிசையில் முன்னால் நின்ற பெரியவர் அவசரப்படாமல் உள்ளங்கையை நீட்டியபடி நின்றார்.

"சொன்னது நல்லதுதான். ஆனா அத நீ வந்து சொல்லி நான் கேக்கக் கூடாது எசென். அவரு வந்து இந்த வரிசையில நின்னு சொல்லணும்" என்றாள் அண்ணி. பெரியவர் கையில் மாவுத் துண்டை வைத்தாள். "பேரச் சொல்லிப் போடுங்க ஐயா."

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று தடவை பிஷ்கெக் போகிறேன். ஒவ்வொரு தடவையும் ஐசுரோக் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிக்கிறேன். அண்ணன் மூன்றாம் மாடிச் சன்னலைத் திறந்து கீழே பார்ப்பார். இன்று சந்தையில் எத்தனை பேர் நின்றார்கள் என்று கேட்பார். நான் சொல்வேன். சன்னலைச் சாத்திக்கொள்வார்.