கணக்கப்பிள்ளையின் சர்க்கரை

நான் மிட்டாய் தின்றால் எங்கள் பூனைக்குச் சர்க்கரை ஏறும் என்று ஒரு காலத்தில் நம்பினேன். சும்மா மேலோட்டமான நம்பிக்கை இல்லை. பள்ளிக்கூட வாசலில் தேன்மிட்டாய் டப்பாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற அளவுக்கு, கோயிலில் கொடுத்த சர்க்கரைப் பொங்கலைப் பக்கத்திலிருந்தவன் இலையில் தள்ளிவிடுகிற அளவுக்கு உறுதியான நம்பிக்கை. ஒரு ஜீவனுக்காக ஆசையைத் துறந்த மகான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு. இன்றைக்கு எனக்கே சர்க்கரை இருக்கிறது. டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லியும் மிட்டாயை விட முடியவில்லை. பூனைக்காக விட்டவனால் தனக்காக விட முடியாமல் போனது என்ன கணக்கோ.

அப்போது நான் போடியில் அத்தை வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் இருந்தார்கள். தோட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரே பள்ளிக்கூடத்தில் மலையாளத்தில்தான் பாடம். நான் அதில் ஒரு வருடம் உட்கார்ந்துவிட்டு, ஒன்றும் ஏறாமல், வாய் நிறைய மலையாள வசவுகளை மட்டும் கற்றுக்கொண்டு வந்ததால், மூட்டையோடு மூட்டையாக ஜீப்பில் ஏற்றிக் கீழே அனுப்பிவிட்டார்கள்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. பிள்ளை கிடையாது. மாமா நான் பிறக்கும் முன்னே போய்ச்சேர்ந்துவிட்டார். அத்தைக்கு ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிற வேலை. முறத்தில் கொட்டிய காயில் நல்ல பச்சை, வெளிறிய பச்சை, வெடித்தது, கறுத்தது என்று அவள் விரல்கள் பிரித்துக்கொண்டே போகும். பேச்சு மட்டும் கம்மி. காலையில் "சாப்புடு", ராத்திரி "படு". இரண்டுக்கும் நடுவே வீடு சும்மா கிடக்கும்.

சாயங்காலம் மொட்டைமாடியில் நின்று மலையைப் பார்ப்பேன். போடிமெட்டு ரோட்டில் இறங்குகிற ஜீப்புகளின் விளக்கு வளைவுக்கு வளைவு தெரிந்து மறையும். அதில் ஒன்றை அப்பாவின் ஜீப்பு என்று வைத்துக்கொண்டு ஊருக்குள் வந்து சேருகிறவரை பார்த்துக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளில் அப்பா வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். விளக்குக்குத் தெரியாதே.

அந்த வீட்டில் என்னோடு ஒட்டிப் பழகியது பூனைதான். கடையில் எலிக்காக வளர்ந்த பூனை. ஒருநாள் அத்தை பின்னாலேயே வந்துவிட்டது. சாக்கின் மேல் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, அடுத்தவர் வேலை செய்வதைக் கண்ணை இடுக்கிப் பார்க்கும். எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையும் அப்படியேதான் பார்ப்பார். எனவே அதற்கும் கணக்கப்பிள்ளை என்றே பெயர் வைத்தேன். ராத்திரியில் என் போர்வைக்குள் வந்து, வயிற்றோடு ஒட்டி, மாவு மிஷின் மாதிரி உறுமிக்கொண்டே தூங்கும்.

மழைக்காலத்தில் அது இளைக்க ஆரம்பித்தது. வாளியில் தலையைவிட்டு ஓயாமல் தண்ணீர் குடித்தது. பின்னங்கால் இரண்டும் தளர்ந்து, குதிகாலைத் தரையில் பதித்துக் கிழவன் மாதிரி நடந்தது. நான் அதை யாரோ அடித்துவிட்டதாக நினைத்துப் பக்கத்துத் தெருப் பையன்கள் நாலு பேரைச் சந்தேகப்பட்டு, ஒருவனைக் கடித்தும் வைத்தேன். அத்தைதான் கொல்லையில் குனிந்து பார்த்தாள். பூனை பெய்த மண்ணில் கட்டெறும்பு வரிசை போட்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கும் என் சீக்குதான்" என்றாள்.

அத்தைக்குப் பல வருடமாகச் சர்க்கரை. தினமும் ஊசி. மருந்துப் புட்டி குளிர்ச்சிக்காகத் தண்ணீர்ப் பானைக்குள் ஒரு டம்ளரில் மிதக்கும். ஊசியை வெந்நீரில் கொதிக்கவைத்துத் தானே போட்டுக்கொள்வாள். பூனையைச் சந்தைப் பையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கிருந்த டாக்டர் மாட்டுக்கும் ஆட்டுக்கும் பழகியவர். பூனைக்குச் சர்க்கரை என்றதும் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

"எறும்பு வந்துருச்சுய்யா. எறும்பு பொய் சொல்லாது" என்றாள்.

அவர் சோதித்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது. தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டி, அத்தை போட்டுக்கொள்ளும் மருந்திலேயே இத்தனூண்டு போடச் சொன்னார். தினமும் மூத்திரத்தைச் சோதித்துப் பார்த்து அளவைக் கூட்டணும், குறைக்கணும் என்றும் சொன்னார்.

இப்போது மாதிரி விரல் நுனியைக் குத்திப் பார்க்கிற கருவியெல்லாம் எங்கள் வீட்டுக்கு வராத காலம். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் மூத்திரம் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் நிறைய, செங்கல் சிவப்பு என்றால் ஆபத்து. பூனையின் குழாய் அடையாளத்துக்கு அத்தை சிவப்பு நூல் கட்டினாள். அவளுடையது வெறும் குழாய்.

மூத்திரம் பிடிக்கிற சோலி எனக்கு. பழைய குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு பூனைக்குப் பின்னாலேயே கொல்லை முழுக்க அலைவேன். அது பள்ளம் தோண்டும். நான் குனிவேன். அது என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, எழுந்து, வேறு பள்ளம் தோண்டும். இப்படியே பள்ளிக்கூட மணி அடித்துவிடும். தாமதத்துக்குக் காரணம் கேட்ட வாத்தியாரிடம் உண்மையைச் சொன்னேன். பொய்க்கு ஒரு அடி என்றால் இந்த உண்மைக்கு மூன்று விழுந்தது.

ஆனாலும் அந்த வீட்டில் முதல்முறையாக அத்தையும் நானும் ஒரே இடத்தில் உட்கார்ந்தது அந்த விளக்கின் முன்னால்தான். காலையும் மாலையும் இரண்டு தலைகளும் ஒரு குழாயின் மேல் கவிழ்ந்திருக்கும். நான் பூனையை மடியில் அமுக்கிக்கொள்ள, அத்தை பிடரித் தோலை இரண்டு விரலால் தூக்கி ஊசியைச் செருகுவாள். செருகும்போது பூனையோடு பேசுவாள். கடையில் யார் யார் சண்டை, காய் விலை, முட்டி வலி எல்லாம் சொல்லுவாள். என்னிடம் சொல்லாததையெல்லாம் பூனையிடம் சொன்னாள். நான் நடுவில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டேன்.

பூனைக்குச் சர்க்கரை அடங்கவே இல்லை. இன்றைக்குச் சிவப்பு, நாளைக்குப் பச்சை, மறுநாள் மறுபடி சிவப்பு. ஒரு காலையில் மருந்து அதிகமாகிப் பூனை தள்ளாடிச் சுவரில் முட்டி விழுந்து, இழுத்துக்கொண்டு கிடந்தது.

"கருப்பட்டி கொண்டா அப்பு, வெரசா" என்றாள் அத்தை.

ஓடினேன். கருப்பட்டியை எடுத்தேன். பதற்றத்தில் அதை என் வாயில் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். அத்தை ஒரு கையால் பூனையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் கன்னத்தை அமுக்கி அதைத் துப்பவைத்து, அந்த எச்சில் கருப்பட்டியையே குழைத்துப் பூனையின் ஈறில் தேய்த்தாள். பூனை பிழைத்தது. நான் இனிப்புத் தின்றால் அதற்குச் சர்க்கரை ஏறும் என்ற என் சித்தாந்தம் பிறந்தது அன்றைக்குத்தான். சாட்சி கண்ணெதிரே எழுந்து நடந்ததே.

அந்த ஞாயிறு வந்த அப்பா, பூனைக்கு மயக்கம் வந்த கதையைக் கேட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னார். போன வருடம் அத்தை குளியலறையில் மயங்கி விழுந்ததை நினைவுபடுத்தினார். "ஒனக்குச் சுகரு ஏறுச்சுன்னு இன்னொரு தடவ கேள்விப்பட்டேன்னா இவனைக் கொண்டுபோயி ஹாஸ்டல்ல போட்டுருவேன்க்கா. ஒன்னையே பாத்துக்க ஆளில்ல, நீ எங்கிட்டு இவனப் பாக்க" என்றார். அத்தை அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அன்றுமுதல் வாராவாரம் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது அப்பாவின் வழக்கமாயிற்று. அத்தைக்கு எப்படி என்பார். நீலம், மிஞ்சிப்போனால் பச்சை என்பேன். பூனைக்கு என்பார். சிவப்பு என்பேன். அவருக்கு முதல் பதில் போதும்.

பொங்கல் விடுமுறைக்கு நான் மலைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அத்தை கரண்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "நீ பள்ளிக்கூடத்துக்குக் கெளம்புற வழியப் பாரு. நானே புடிச்சு வச்சுர்றேன்" என்றாள். ஊசியும் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு போட ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் நின்றால் பூனை மிரளுகிறதாம். கதவுக்கு வெளியே நின்று கேட்டால் பேச்சுச் சத்தம் மட்டும் வரும். என்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். மூன்றாம் நாள் பசித்தது.

ஒரு மரியாதை மட்டும் எனக்கு மிச்சமிருந்தது. விளக்கில் குழாயைக் காய்ச்சி என்னிடம் நீட்டி, "என்ன நெறம்னு நீயே சொல்லு" என்பாள். ஏலக்காயில் அரைப் பச்சை, கால் பச்சை பிரிக்கிற கைகாரி என்னிடம் நிறம் கேட்கிறாளே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன். வெறும் குழாய் எப்போதும் நீலம். நூல் கட்டிய குழாய் எப்போதும் சிவப்பு. செங்கல் சிவப்பு. சொன்னதும் அத்தை ஊசியை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். பூனையும் பின்னாலேயே போகும்.

என் பீதி அப்போதுதான் உச்சத்துக்குப் போனது. தேன்மிட்டாயை விட்டேன். வாழைப்பழத்தை விட்டேன். கடைசியில் டீயில் போடுகிற சர்க்கரையையும் விட்டேன். சிவப்பு இறங்கவில்லை. நான் கனவில் தின்கிறேனோ என்றுகூடச் சந்தேகம் வந்தது. இதற்கிடையில் சாகக் கிடக்க வேண்டிய பூனை மதில்மேல் ஏறியது. பின்னங்கால் நிமிர்ந்துவிட்டது. எலி பிடித்தது. கன்னம் உப்பி நிஜமான கணக்கப்பிள்ளை மாதிரியே ஆனது. உள்ளே இவ்வளவு நோயை வைத்துக்கொண்டு வெளியே காட்டிக்கொள்ளாமல் நடக்கிற அதன் தைரியத்தை நினைத்து, போர்வைக்குள் அதைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். கொல்லை மண்ணில் எறும்பைக் காணோம். குளியலறை ஓரத்தில் வரிசை வரிசையாகப் போனது. வெட்கம் கெட்ட பூனை குளியலறையில் போய்ப் பெய்துவைக்கிறது என்று தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன்.

வெயில் காலம் தொடங்கியபோது அத்தை கடையிலேயே முறத்தின்மேல் சாய்ந்துவிட்டாள். காலில் ஒரு புண் இருந்ததும், அதைத் துணி சுற்றிப் புடவைக்குள் மறைத்து வைத்திருந்ததும் ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. அப்பா மலையிலிருந்து இறங்கி நேரே அங்கே போய்விட்டார். வீட்டில் நானும் பூனையும் மட்டும். அத்தை இல்லாமல் பூனைக்கு யார் ஊசி போடுவது? இதுதான் என் கவலை முழுவதும். கரண்டியை எடுத்தேன். அதிசயமாக, முதல் பள்ளத்திலேயே பூனை எனக்கு வரம் கொடுத்தது.

நூல் கட்டிய குழாயில் விட்டுக் காய்ச்சினேன். நீலம். விளக்கு மந்தமாக எரிகிறதோ என்று திரியைத் தூண்டி மறுபடி காய்ச்சினேன். நீலம். மருந்து கெட்டுவிட்டதோ என்று, பூனையின் மயக்கத்துக்குப் பிறகு அலமாரியில் வாங்கிவைத்திருந்த குளுக்கோஸ் பொடியை இன்னொரு குழாயில் நீல மருந்தோடு கரைத்துக் காய்ச்சிப் பார்த்தேன். அது சடாரென்று சிவந்தது. பூனையைச் சந்தைப் பையில் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டர் பூனையைப் பார்த்ததும், "என்னடா இப்படிப் பெருத்துட்டான்" என்றார். ஊசியை யார் போடுவது என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இதுக்குத்தான் தையிலயே சுகர் போயிருச்சே. பூனைக்குச் சில சமயம் தானாவே போயிரும். ஊசி வேணாம்னு ஒங்க அத்தைகிட்ட அப்பவே சொல்லிட்டனே."

அன்றைக்குப் பூனைப் பையோடு அத்தை இருந்த ஆஸ்பத்திரிக்கு நான் ஓடிய ஓட்டத்தை வாழ்க்கையில் மறுபடி ஓடியதில்லை. வழியில் கடையில் நின்று, பல மாத விரதத்தை முடித்து, இரண்டு தேன்மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டேன். வார்டில் அத்தை படுத்திருந்தாள். காலில் பெரிய கட்டு. அப்பா அங்கிருந்த டாக்டரிடம், இத்தனை நாள் நன்றாகத்தான் இருந்தது, பையன் வாராவாரம் சொல்லுவான், எப்படி இந்த அளவுக்குப் போனது என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் இடையில் புகுந்தேன்.

"அப்பா, கணக்கப்பிள்ளைக்குச் சுகரே இல்லப்பா. தையிலயே போயிருச்சாம்."

அப்பா என்னைப் பார்த்தார். "அப்ப நீ சொன்ன செவப்பு?"

"அதான்ப்பா எனக்கும் புரியல."

அவர் மெதுவாக அத்தையின் பக்கம் திரும்பினார். அத்தை அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "பூனை பையில மூச்சு முட்டிக் கெடக்கும். போ அப்பு, வெளிய விடு" என்றாள்.

அடுத்த வாரம் என்னை உத்தமபாளையத்தில் ஒரு ஹாஸ்டலில் சேர்த்தார்கள். நான் பூனையைப் பற்றி நல்ல சேதி சொன்னதற்கு இப்படி ஒரு தண்டனையா என்று வெகுநாள் அப்பா மேல் கோபமாக இருந்தேன். அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, அந்த வீட்டில் பூனையோடு தனியாக இருந்தாள். கண் மங்கிவிட்டதால் கடை வேலை போய்விட்டது.

பூனைக்குச் சர்க்கரை தை மாதத்தோடு தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அத்தை பூனையின் மூத்திரத்தைத் தன் குழாயிலும், தன்னுடையதை நூல் கட்டிய குழாயிலும் ஊற்றிவைத்து என்னிடம் நிறம் கேட்டாள். நான் சொன்ன சிவப்பெல்லாம் அவளுடையது.