ஒன்பது வீட்டு ஆங்கிலம்

கல்யாணமாகி கிள்ளானிலிருந்து பங்சாருக்கு வந்தபோது எங்கள் சந்தில் ஒன்பது வீடுகள். இரண்டில் இங்கிலாந்துக்காரர்கள், மற்றவற்றில் நம்மவர்களும் சீனர்களும். ஆனால் வாசல் தாண்டிவிட்டால் ஆங்கிலம் தவிர வேறொன்றும் காதில் விழாது. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என் ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும்.

பக்கத்து வீட்டில் எழுபதை நெருங்கிய ஓர் அம்மாள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. முதல் வாரமே அவரிடம், "நல்லா இருக்கீங்களா, ஆன்டி?" என்று கேட்டேன்.

"இங்கே நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, காகிதப்பூச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

மாதம் ஒருமுறை யார் வீட்டிலாவது தேநீர் விருந்து நடக்கும். நான் பேச வாயெடுத்தால் எல்லோரும் பொறுமையாகக் காத்திருப்பார்கள். அந்தப் பொறுமை செருப்பால் அடித்ததுபோல் இருக்கும். ஒருமுறை நான் ஏதோ ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்தேன். இங்கிலாந்துக்காரர்கள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அந்த அம்மாள்தான் எல்லோர் முன்னிலையிலும் இரண்டு தடவை திருத்திச் சொல்லிக் காட்டினார்.

"விடு லா, பழகிடும்" என்றார் என் கணவர்.

மூன்றாம் ஆண்டு அந்த அம்மாளுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பிற்பகல் அவருடைய மகள் என்னை அழைத்தாள். அம்மா என்னவோ பேசுகிறார், தமிழ் போலிருக்கிறது, எங்களுக்குப் புரியவில்லை, தயவுசெய்து வாருங்கள் என்று ஆங்கிலத்தில் கெஞ்சினாள்.

மருத்துவமனைக்கு ஓடினேன். அவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"மழை வரப்போவுது. மங்குல பால் நெறஞ்சிருச்சு. அம்மாவ ஏசாதீங்க கிராணி, நானே பால் எடுத்தாறேன்..."

ரப்பர்த் தோட்டத்துப் பேச்சு. மங்கு என்றால் மரத்தில் ரப்பர்ப் பால் வடியும் கிண்ணம், கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர். தன் அப்பா ரயில்வேயில் பெரிய அதிகாரி என்றுதான் விருந்துகளில் அவர் சொல்லியிருந்தார்.

மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணி கேக்கிறாங்க" என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. என் உடைந்த ஆங்கிலத்தில் பால்மரம், அம்மா, கிராணி, ஏச்சு என்று ஒன்று விடாமல் மொழிபெயர்த்தேன். சொல்லும்போது உள்ளுக்குள் இனித்தது. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

இரண்டு மாதத்தில் அவர் தேறி வீடு திரும்பினார். ஆங்கிலமும் திரும்பிவிட்டது. தேநீர் விருந்துக்கு என்னை அழைப்பது மட்டும் நின்றுபோனது.

ஒரு காலையில், குப்பைத் தொட்டியருகே இருவரும் தனியாக நின்றோம். அவர் குரலைத் தாழ்த்தித் தமிழில் கேட்டார்.

"என் புள்ளகிட்ட சொல்லாம இருந்திருக்கலாம்ல?"

"மன்னிச்சிருங்க, ஆன்டி."

அவர் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறு வருடம் நாங்கள் ரவாங்குக்கு வீடு மாறினோம். சொல்லிக்கொண்டு போக அவர் வீட்டு மணியை அடித்தேன். யாரும் கதவைத் திறக்கவில்லை.