மாட்டுப்பொங்கலன்று ஒரு டப்பா ஈஸ்ட்

எண்பதுகளின் தொடக்கத்தில், மதுரைக்குப் பக்கத்தில் ஒத்தக்கடையில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. புதிதாக வீடுகள் எழும்பிய எங்கள் தெருவில், பசு இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். என் ஒன்றரை வயது மகளுக்குப் பால் பவுடர் ஒத்துக்கொள்ளாது, குடித்தால் வாந்திதான். அந்தச் செவலைப் பசுவை நம்பித்தான் அவள் வளர்ந்தாள்.

மாட்டுப்பொங்கல் அன்று காலையில் நாங்கள் பசுவுக்குப் பொங்கல் ஊட்டி முடித்ததும் வரிசை தொடங்கியது. தெருவில் வேறு மாடு கிடையாதே! வீட்டுக்கு வீடு இலையில் சர்க்கரைப் பொங்கலோடு வந்து நின்றார்கள். இவ்வளவு கொடுக்கலாமா என்று எனக்கு உறுத்தியது. ஆனால் நல்ல நாளும் அதுவுமாக வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நான் தயங்கியதைப் பார்த்து எதிர்வீட்டு அக்கா, "ஏத்தா, அம்புட்டு வீட்டுப் பொங்கலும் எறங்குச்சு, எங்க வீட்டுது மட்டும் தொண்டையில சிக்குமாக்கும்?" என்றார். விலகி வழிவிட்டேன்.

மதியத்துக்கு மேல் பசு அசைபோடுவதை நிறுத்திவிட்டது. இடப்பக்க வயிறு உப்பி, தலையைத் தொங்கப்போட்டு நின்றது. பக்கத்துத் தெருவிலிருந்த கால்நடை டாக்டர் விடுமுறை என்றும் பாராமல் வந்தார்.

"மாட்டுக்கு நாலு வயிறுன்னு தெருவுல யாரும்மா சொன்னது? நாலையும் ரொப்பிட்டீங்களே!" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அரிசியும் வெல்லமும் வயிற்றில் புளித்துவிட்டன என்று சொல்லி, சோடா உப்பைக் கரைத்துப் புகட்டினார். "இது புளிப்ப அடக்கும். மறுபடி அசைபோட்டாத்தான் மாடு பொழச்சுச்சுன்னு அர்த்தம். ஈஸ்ட் குடுத்தா வயிறு சீக்கிரம் தெளியும். மருந்துக்கடை பூட்டிக் கெடக்கு, பேக்கரியில கேட்டுப் பாருங்க."

"நொதிக்கிற சாமானக் குடுத்தா பாலுல போதை ஏறாதா?" என்றார் மாமியார். ஏறாது என்றார் டாக்டர். நான் இன்னொரு தடவை கேட்டேன். அவரும் இன்னொரு தடவை ஏறாது என்றார்.

கணவரைப் பசுவின் பக்கத்தில் நிறுத்திவிட்டு, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலூர் ரோட்டு பேக்கரிக்கு ஓடினேன். பேக்கரி பாயை எனக்கு அதற்கு முன் பழக்கமில்லை.

"ஈஸ்ட்டா? வீட்ல பன் போடப் போறீங்களாம்மா?"

"மாட்டுக்கு, பாய்."

சிரிக்க வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து அப்படியே கையில் கொடுத்தார். "கொதிக்கிற தண்ணியில போட்றாதீங்க, செத்துப்போகும். புள்ளையக் குளிப்பாட்டுற சூடு போதும்."

அந்தச் சூடு எனக்குத் தெரியும். ஆனாலும் மூன்று முறை விரல் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கரைத்தேன்.

மறுநாள் விடிந்தபோது பசு படுத்தபடி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அசைபோட்டுக்கொண்டிருந்தது. என் கணவர் அதன் கழுத்தைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார்.

நன்றி சொல்லப் பேக்கரிக்குப் போனேன். கண்ணாடி அலமாரியில் ஒரு பன்கூட இல்லை. பக்கத்து டீக்கடைக்காரர் கத்திக்கொண்டிருந்தார்: "பண்டிகைக் கூட்டம், பன்னு எங்கன்னு என்னையப் புடுங்குறாய்ங்க! இருந்த ஈஸ்ட்ட எல்லாம் மாட்டுக்குக் குடுத்துட்டாராம். டவுன்ல மொத்தக் கடை தெறந்து அடுத்த டப்பா வாரது என்னைக்கோ! கேக்குறவனுக்கு நான் என்னத்தக் குடுக்க?"

"வடை குடுங்க மாப்ள, வடை" என்றார் பாய். பிறகு என்னைப் பார்த்து, "அசைபோட்டுச்சாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

இன்றும் யாராவது அவசரமென்று என் வாசலில் வந்து நின்றால், கொடுத்துவிட்டு நாளைக்கு என்ன செய்வது என்று கணக்குப் பார்க்கத் தொடங்கும் என் மனது, காலியாக இருந்த அந்தக் கண்ணாடி அலமாரியை நினைத்ததும் கணக்கைப் பாதியில் விட்டுவிடுகிறது.