குடோனில் பதினெட்டுப் பேர்

லேபர் இன்ஸ்பெக்டர் வருகிற நாட்களில் எங்கள் மில்லில் நாங்கள் பதினெட்டுப் பேர் இல்லாமல் போய்விடுவோம். முதலில் ஆபீஸில் போன் அடிக்கும். கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி ரீலிங் பக்கம் வருவார். அதட்ட மாட்டார். ஒவ்வொரு மிஷினாக நின்று சொல்வார்: "அம்மணி, செத்த நேரம் குடோன்ல போயி உக்காந்துக்கங்க. அவரு போனதும் கூப்படறேனுங்க." நாங்களும் ஓடுகிற மிஷினை நிறுத்திவிட்டு, சேலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டு வரிசையாகப் போய் உட்காருவோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் மில்லில் பூசணிக்காய்கள் தாங்களே நடந்துபோய்ச் சோற்றுக்குள் படுத்துக்கொண்டன.

தொண்ணூறுகளின் நடுவில், சோமனூருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன நூல் மில் அது. ரீலிங் என்றால் நூலை வளையம் வளையமாகச் சுற்றிச் சிட்டம் போடுகிற வேலை. முழுக்கப் பெண்கள்தான், முப்பத்தெட்டுப் பேர். வருகைப் பதிவேட்டில் இருந்தவர்கள் இருபது பேர். மீதிப் பேர் எத்தனை வருஷம் ஆனாலும் 'டெம்பரவரி'. எனக்கு அப்போது நாலு வருஷம் முடிந்திருந்தது.

பதிவேட்டில் பேர் ஏறினால் ஒரு கார்டு கிடைக்கும். சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார்கள், மில்லும் தன் பங்கைக் கட்டும். உடம்புக்கு முடியவில்லை என்றால் குடும்பத்தோடு போய்ப் பார்த்துக்கொள்ள அரசாங்கமே மருந்தகம் வைத்திருந்தது. நாங்கள் அதைக் 'கார்டு ஆஸ்பத்திரி' என்போம். எங்களுக்கான பங்கைக் கட்ட மனசில்லாமல்தான் மில் எங்களைக் குடோனுக்கு அனுப்பியது. எனக்கு அந்தக் கார்டு வேண்டும். சம்பள உயர்வுகூட அப்புறம்தான். என் மகளுக்கு ஆறு வயது. பனிக்காலம் வந்தால் இளைப்பு வந்துவிடும். ராத்திரியெல்லாம் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவிக்கும். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த தறிப்பட்டறையில் கார்டு என்ற பேச்சே கிடையாது. வந்தால் என் பேரில்தான் வர வேண்டும்.

கார்டு இல்லாதவர்களுக்கு வேறு ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. அது முதலாளி பங்களாவின் பின்வாசல்.

முதலாளியம்மா கெட்டவர் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கே பொறுக்காது. நாலு தலைமுறையாகக் காடு தோட்டம் வைத்திருந்த குடும்பம், மில் வைத்தது பிற்பாடுதான். என் மாமியார் அவர்கள் காட்டில் களை வெட்டியவர். பிள்ளைக்கு முடியவில்லை என்று போய் நின்றால் அந்தம்மா உள்ளே போய் ரூபாய் நோட்டைக் கொண்டுவந்து கையில் வைப்பார், திருப்பிக் கேட்க மாட்டார். ஆனால் அதற்கு முன்னால் விசாரணை உண்டு. "ஏங்கண்ணு, பனியில வெளிய உட்டீங்களா? ஐசு கீசு வாங்கிக் குடுத்தீங்களா? ஊட்டக் கூட்டிச் சுத்தமா வெச்சுக்கறதில்லீங்களா?" நான் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்பேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பங்களாவிலிருந்து ஆள் வரும். கடலைக்காய் தொலிக்க வேண்டும், வர முடியுமா என்று கேட்டு வரும். முடியாது என்று சொல்ல எனக்கு ஏது வாய்? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். அந்த மாட்டுக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகாதவர்களைக் கேட்டுப் பார்த்தால் தெரியும்.

ஒரு மார்கழிக் காலை, விடியும்போதே மகளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்காரர் ஷிப்டில் இருந்தார். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். சமையல்கார அம்மா எட்டிப் பார்த்து, "அவுங்க கொடுமுடிக்குக் கண்ணாலத்துக்குப் போயிட்டாங்களே. பொழுதோட வந்துருவாங்க, அப்படி உக்காருங்க" என்றார்.

நானும் உட்கார்ந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அதுதான் என்னைச் சுடுகிறது. மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் போனவர் திரும்பி வருவார் என்று மாட்டுக்கொட்டகை ஓரத்தில் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வேறு வழி இருக்கலாம் என்றே தோன்றவில்லை. பிள்ளையின் உதடு வெளுக்க ஆரம்பித்த பிறகுதான் எழுந்து மில்லுக்கு ஓடினேன். பக்கத்து மிஷினில் வேலை பார்த்த அக்கா கையில் இருந்த பணத்தைக் கொடுத்தார். தனியார் டாக்டர் ஊசி போட்டார். மத்தியானம் பிள்ளை என் தோளில் தூங்கியது.

கோபம் முதலாளியம்மா மேல் வரவில்லை. சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அவர் போகக் கூடாதா? என் மகள் மூச்சு விடுவதையும் அவர் வீட்டில் இருப்பதையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டு நான் உட்கார்ந்திருந்தேனே, அந்தக் கோபம். இனி அந்த வாசலில் நிற்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

தை மாதம் இன்ஸ்பெக்டர் வந்தார். நாங்கள் வழக்கம்போலக் குடோனுக்குப் போனோம். லாரிக்கு ஏற வேண்டிய நூல் சிப்பங்கள், அதாவது சிட்டக் கட்டுகள், கூரை வரைக்கும் அடுக்கியிருந்தார்கள். எத்தனையோ தடவை அங்கே உட்கார்ந்திருக்கிறேன், அன்றைக்குத்தான் கண் திறந்தது. ஒவ்வொரு சிப்பத்திலும் ஒரு சீட்டு செருகியிருக்கும். சிட்டம் போட்டவளின் நம்பர், தேதி. வாங்கின வியாபாரி நூல் சிக்கு என்று திருப்பி அனுப்பினால் யார் கை என்று கண்டுபிடித்துத் திட்டுவதற்காக மில்லே வைத்த ஏற்பாடு. என் தலைக்கு மேலே இருந்த சீட்டில் முப்பத்தொண்ணு என்று இருந்தது. அது நான். பக்கத்தில் இருபத்தேழு, அது அக்கா. பதிவேடு இருபதோடு நின்றுவிடுகிறது. திட்டுவதற்கு எங்களுக்கு நம்பர் இருந்தது, கார்டுக்குத்தான் இல்லை.

அக்காவிடம் மெல்லக் காட்டினேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அதுக்கு என்ன பண்றது?"

"இன்ஸ்பெக்டருகிட்டக் காட்டறதுங்க்கா."

"வேல போயிருச்சுன்னா?"

"சிட்டம் போட ஆளு வேணும்னு நாலு மில்லுல போர்டு மாட்டி வெச்சிருக்கறாங்க. கை இருக்குதில்லீங்க்கா."

அதற்குள் மேஸ்திரி வந்து கூப்பிட்டுவிட்டார். அடுத்த தடவைக்கு அஞ்சு மாதம் காத்திருந்தேன். அந்த அஞ்சு மாதமும் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருத்தரிடமும் பேசினேன். பாதிப் பேர் தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு வேறு மரத்தடிக்குப் போய்விட்டார்கள்.

ஆனி மாதம் போன் அடித்தது. மேஸ்திரி வந்தார், அம்மணி என்றார், நாங்கள் போனோம். குடோன் கதவுக்கு ஒரு நாளும் தாழ் போட்டதில்லை. தேவைப்பட்டதும் இல்லை. இன்ஸ்பெக்டரின் குரல் ரீலிங் பக்கம் கேட்டதும் என் நம்பர் போட்ட சிப்பம் ஒன்றை உருவி இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்து நடந்தேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு கையில் இளநீரும் இன்னொரு கையில் பதிவேடுமாக நின்றிருந்தார். சிப்பத்தை அவர் முன்னால் இறக்கி வைத்தேன்.

"ஏனுங்க, இந்தச் சிட்டம் நான் போட்டதுங்க. சீட்டப் பாருங்க, முப்பத்தொண்ணு. உங்க கையில இருக்கற நோட்டு இருவதோட நிக்குதுங்க."

அவர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி, "புதுசுங்க சார். இன்னைக்குத்தான் வந்துச்சு" என்றார்.

"தேதியையும் பாருங்க" என்றேன். "போன மாசம். குடோன்ல இன்னும் கெடக்குதுங்க, முப்பத்தெட்டு வரைக்கும். வந்தீங்கன்னா காட்டறேன்."

அந்த மனிதர் நல்லவரா கெட்டவரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அத்தனை வருஷம் இளநீர் குடித்துவிட்டுப் போனவர்தான். ஆனால் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டார். ரீலிங் பெண்கள் இருபது பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் இளநீரைக் கீழே வைத்தார். அப்போது குடோன் பக்கமிருந்து அக்கா ஒரு சிப்பத்தோடு வந்தார். அவர் பின்னால் இன்னும் பத்துப் பேர். பன்னிரண்டு பேரையும் நிற்கவைத்துப் பேரும் நம்பரும் எழுதிக்கொண்டார். ஆறு பேர் உள்ளேயே இருந்துவிட்டார்கள்.

மறுநாள் முதலாளி ஆபீஸுக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அந்த ஆபீஸில் நான் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"எங்கூட்டுப் புள்ள மாதிரித்தான அம்மணி பாத்துக்கிட்டோம். ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே செஞ்சிருப்பனே."

"மேஸ்திரிகிட்ட ரெண்டு தடவ, ஆபீஸ்ல ரெண்டு தடவ கேட்டனுங்க."

அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். "செரி. உங்க பேர இந்த மாசமே ஏத்திப்போடறோம். கொழந்தைக்கு ஆகட்டும். மத்தவங்க அன்னைக்கு ஒரு நாளைக்கு வந்தவங்கன்னு மட்டும் ஒரு தாள்ல எழுதிக் குடுத்துப்போடுங்க."

ஆசைப்பட்டேன். நான் தேடிப்போனது அந்த ஒரு கார்டுதானே. அடுத்த மார்கழிக்கு ஆறு மாதம்தான் இருந்தது. பிள்ளையின் வெளுத்த உதடு கண்ணுக்குள் வந்தது. கூடவே, முன்னால் பின்னால் பார்க்காமல் கையிலிருந்ததைக் கொடுத்த அக்காவும் வந்தார்.

"அவுங்க நம்பரும் சிப்பத்துல இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

என்னைக் கக்கூஸ் ஓரத்தில் இருந்த ஓட்டை மிஷினுக்கு மாற்றினார்கள். மேஸ்திரி அம்மணி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார், நம்பர் சொல்லிக் கூப்பிட்டார். அது எனக்குப் பிடித்தே இருந்தது. தீபாவளிக்கு எல்லோருக்கும் பங்களாவிலிருந்து சேலை வந்தது, எனக்கு வரவில்லை. கார்த்திகை கடைசியில் பன்னிரண்டு பேருக்கும் கார்டு வந்தது. உள்ளே இருந்த ஆறு பேரும் என்னோடு பேசாமல் இருந்தார்கள். அவர்கள் பேரை ஏற்ற இன்னும் ஒரு வருஷமும், லேபர் ஆபீஸுக்கு மூன்று நடையும் ஆனது. அதுவும் நடந்தது.

மார்கழியில் மகளைக் கூட்டிக்கொண்டு கார்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். மருந்து ஊற்றப் பாட்டில் நாமே கொண்டுபோக வேண்டும். வரிசை கேட் வரைக்கும் நின்றது. டாக்டர் நிமிர்ந்து பார்க்காமல் எழுதினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது மருந்து கொடுக்கிற ஜன்னலில்தான் புரிந்தது. "ஸ்டாக் இல்ல, வியாழக்கிழமை வா" என்று என் சீட்டைத் தள்ளினார் அங்கிருந்தவர்.

என் வாய் திறந்துகொண்டது.

"கார்டப் பாருங்க. மாசாமாசம் எஞ்சம்பளத்துல புடிக்கறாங்க. வியாழக்கெழம வரைக்கும் புள்ள மூச்சு உடாம இருக்குமுங்களா? இல்லைன்னா இல்லைன்னு எழுதிக் குடுங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குச் சீட்டுக் குடுங்க. வாங்காம நான் நகர மாட்டேன்."

அவரும் கத்தினார், நானும் கத்தினேன். பின்னால் நின்றவர்கள், "அந்தம்மா கேக்கறது நாயந்தானுங்களே" என்றார்கள். கடைசியில் அவர் முணுமுணுத்துக்கொண்டே உள் ரூமுக்குப் போனார். வரும்போது மருந்து இருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் மகளை உட்காரவைத்து, மூடியில் ஊற்றி ஒரு வேளை மருந்தைக் கொடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு அது என்னையே பார்த்தது.

"ஏம்மா, பங்களாவுல நீ இப்படிச் சத்தமே போட மாட்டியே?"

"அது அவுங்க ஊட்டு வாசல் கண்ணு" என்றேன். "இது நம்மளுது."