அவள் மாட்டாத ஒயர்

என் மருமகள் தன் கையால் பாகம் பாகமாகச் சேர்த்து மாட்டிய கம்ப்யூட்டரை நான் கெடுத்தேன். கெடுத்தது நான்தான் என்று சொல்லாமல், அவளே கெடுத்துக்கொண்டாள் என்று வீட்டில் எல்லோரும், முக்கியமாக அவளும், நம்பும்படி மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். திருச்சியில் ஒரு கல்லூரியில் முப்பது வருஷத்துக்கு மேல் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று தப்பிக்க எனக்கு வழி இல்லை.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் எங்கள் வீடு. மனைவி போன பிறகு நான், மகன், மருமகள் மூன்று பேர்தான். மருமகள் கட்டட வரைபடத்தில் டிப்ளமா முடித்தவள். ஆனால் பார்த்த வேலை புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியின் வரவேற்பில், டோக்கன் கொடுப்பது. டாக்டர் தாமதமாக வந்தால் ஜனங்கள் அவளைத் திட்டுவார்கள். சென்னையில் ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே வரைந்து கொடுக்க ஆள் தேடுவதாகத் தெரிந்து எழுதிப் போட்டாள். ஒரு மாடி வீட்டுக்கான வரைபடத்தைச் சோதனையாகப் போட்டு அனுப்பச் சொன்னார்கள். மறு வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதைச் செய்துவிட்டால் டோக்கன் மேஜையிலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

அந்த வரைபட வேலையை வீட்டிலிருந்த பழைய லேப்டாப் தாங்காது. பெரிய கடை வீதிப் பக்கம் ஒரு பாய் கடையில் பாகங்களை வாங்கி வந்தாள். மதர்போர்டை விற்கும்போது பாய் ஒன்று செய்வார். புராசசர் உட்காரும் இடத்தின் மூடியைத் திறந்து, செல்போன் வெளிச்சத்தை அடித்து, உள்ளே தலைமுடி மாதிரி நிற்கும் பின்களைக் காட்டுவார். "நல்லா பாத்துக்குங்க தங்கச்சி. எல்லாம் நேரா நிக்குதா? இதுக்கு மேல வளைஞ்சா கம்பெனிக்காரன் கேக்க மாட்டான், நானும் கேக்க மாட்டேன்." அவள் குனிந்து வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு பாய்" என்றாள். கூட நானும் நின்று பார்த்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் பூட்டினாள். பட்டனை அழுத்தியதும் காற்றாடிகள் சுற்றின, விளக்கு எரிந்தது. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. ரேமைக் கழற்றி மாட்டினாள், திரையின் கேபிளை மாற்றினாள். அப்போதும் கறுப்புத் திரைதான்.

மகன் சோபாவிலிருந்து சொன்னான்: "ஃபேன் நல்லா சுத்துதே! வெயில் காலத்துக்கு ஆகும், விடு."

"நீங்க சும்மா இருங்க" என்று சிரித்தாள். அப்போது அவளால் சிரிக்க முடிந்தது.

ஞாயிறு காலை அவளுக்கு டூட்டி. கிளம்பும்போது, "மாமா, அது அப்படியே இருக்கட்டும். மூணு மணிக்கு வந்து பாக்குறேன்" என்றாள். தொடாதீர்கள் என்று மாமனாரிடம் சொல்ல முடியாது. அதைத்தான் இப்படிச் சொன்னாள் என்பது எனக்குப் புரிந்தது, உறைக்கவும் செய்தது. எத்தனையோ பேருக்கு மின்சுற்று சொல்லிக்கொடுத்த என்னை ஒரு டிப்ளமா பெண் தள்ளி நிற்கச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் வரும்போது கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், நான் அதன் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

மகன் வெளியே போனதும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். புராசசர் மேல் இருந்த காற்றாடியைக் கழற்றினேன். சூட்டைக் கடத்த இரண்டுக்கும் நடுவில் தடவியிருந்த பசை கையில் ஒட்டியது. புராசசரையும் வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். என்ன பார்க்கிறேன் என்று எனக்கே தெரியாது. திரும்ப வைக்கும்போது விரலில் இருந்த பசையால் அது வழுக்கி, ஒரு மூலை கீழாகப் பின்களின் மேல் விழுந்தது. சத்தம்கூடக் கேட்கவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஒரு ஓரத்தில் ஏழெட்டு பின்கள் காற்றில் சாய்ந்த நாற்று போலக் கிடந்தன. தையல் ஊசியால் நிமிர்த்தப் போனேன். ஒன்று ஒடிந்தே போயிற்று.

எல்லாவற்றையும் பழையபடி மூடினேன். அப்போதுதான் போர்டின் மேல் மூலையில் எட்டு ஓட்டை உள்ள ஒரு இடம் காலியாக இருப்பதைப் பார்த்தேன். அதில் மாட்ட வேண்டிய ஒயர் பின்புறம் தொங்கிக்கொண்டிருந்தது. புராசசருக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒயர் அது. அவள் மாட்ட மறந்தது அந்த ஒன்றைத்தான். நான் எதையும் கழற்றாமல் அதை மட்டும் செருகியிருந்தால் திரை அந்த நிமிஷமே வந்திருக்கும். இப்போது செருகினேன். பட்டனை அழுத்தினேன். காற்றாடி சுற்றியது, அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு அவள் மாடிப்படியில் ஓடி வருவது கேட்டது. செருப்பைக்கூட ஒழுங்காக விடவில்லை.

"மாமா! கண்டுபிடிச்சிட்டேன் மாமா! பாலத்து மேல பஸ் நின்னுச்சா, அப்ப திடீர்னு ஞாபகம் வந்துச்சு. மேல ஒரு ஒயர், அதை நான் மாட்டவே இல்ல!"

கேபினட்டைத் திருப்பி உள்ளே பார்த்தாள். ஒயர் மாட்டியிருந்தது. விரலால் தொட்டு, அசைத்துப் பார்த்தாள்.

"மாட்டியிருக்கு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நான் மாட்டினேனா மாமா?"

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். "எனக்கென்னம்மா தெரியும்" என்றேன்.

மறுநாள் கேபினட்டோடு ஆட்டோவில் பாய் கடைக்குப் போனோம். பாய் திறந்து பார்த்து உச்சுக்கொட்டினார். "யாரு மாட்டுனது?"

"நான்தான் பாய்."

"பசையெல்லாம் இழுவிக் கெடக்கே. ரெண்டு தடவ கழட்டி மாட்டுன மாதிரி. வீட்டுல வேற யாராச்சும் கை வச்சாங்களா?"

"இல்ல பாய். மாமா மட்டும்தான் இருந்தாரு. அவரு தொட மாட்டாரு."

பாய் என்னைப் பார்த்தார். நான் விலைப்பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தேன்.

புது போர்டு சென்னையிலிருந்து வர வெள்ளிக்கிழமை தாண்டிவிட்டது. அவகாசம் கேட்டு அவள் எழுதினாள், பதில் வரவில்லை. பாயே பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர் கூடத்தில் நன்றாக ஓடியது. மகன் அதில் கிரிக்கெட் பார்த்தான். அவள் அதன் முன்னால் உட்காரவில்லை. உறவுக்காரர்கள் வந்தால் மகன், "எங்க வீட்டு ஃபேன்காரியைத் தெரியுமா?" என்று கதையை ஆரம்பிப்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அவளிடம் ஒரு பழக்கம் வந்தது. கதவைப் பூட்டிவிட்டுப் படியிறங்கியவள் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து எனக்கு போன் செய்வாள். ஒவ்வொரு முறையும் மூடித்தான் இருக்கும். மூன்று வருஷம் இப்படி. ஒரு நாள் ஆஸ்பத்திரியில் அவளைப் பதிவேடுகளுக்குப் பொறுப்பாகப் போடுவதாகப் பேச்சு வந்தது. போனில் அவள் மறுத்ததை நான் கேட்டேன்: "வேணாம் மேடம். எனக்கு ஞாபகம் சரியா நிக்காது. ஏதாச்சும் தப்புப் பண்ணிருவேன்."

மறுநாள் காலை சமையலறை வாசலில் போய் நின்றேன். அவள் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். புராசசர் விழுந்தது, ஊசி, பின் ஒடிந்தது எல்லாவற்றையும் நறுக்கிக்கொண்டே கேட்டாள். ஒயரைச் சொன்னதும் கை நின்றது.

"அந்த ஒயரை நீங்களா மாட்டினீங்க?"

"ஆமாம்மா. உனக்கு பஸ்ஸுல ஞாபகம் வந்ததுதான் சரி."

"பின் வளைஞ்சதை விடுங்க மாமா. அது யார் கையிலயும் வளையும். நான் உங்ககிட்டதானே கேட்டேன், நான் மாட்டினேனான்னு?"

"வெக்கமா இருந்துச்சு."

"மூணு வருஷமா எனக்குத்தான் மண்டையில ஏதோ கோளாறுன்னு நெனச்சுட்டு இருந்தேன் மாமா." அழவில்லை. காயை அள்ளிப் பாத்திரத்தில் போட்டாள்.

சாயங்காலம் அவள் முன்னாலேயே மகனிடமும் சொன்னேன். "இதுக்குப் போயா இவ்வளவு பீடிகை? ஒரு போர்டு போச்சு, புதுசு வந்துச்சு. விடுங்கப்பா" என்றான்.

"வர்றவங்ககிட்டல்லாம் ஃபேன்காரின்னு சொன்னீங்களே, அதுக்கும் புதுசு வருமா?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள்.

சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். ஏதாவது செய்தாக வேண்டும் என்று எனக்குப் பட்டது. அவளுடைய பழைய காகிதங்களில் அந்தக் கம்பெனியின் முகவரியைத் தேடி எடுத்தேன். நல்ல ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். தவறு என்னுடையது, என் மருமகள் திறமைசாலி, இன்னொரு வாய்ப்புத் தர வேண்டும் என்று கேட்டு, கையெழுத்துக்குக் கீழே என் பட்டங்களையும் போட்டுத் தபாலில் அனுப்பினேன். அவளிடம் சொல்லவில்லை. பதில் வந்ததும் காட்டிச் சந்தோஷப்படுத்தலாம் என்றிருந்தேன்.

பத்து நாள் கழித்து, தோளிலிருந்து பையை இறக்காமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"சென்னைக்கு லெட்டர் போட்டீங்களா?"

"உனக்கு நல்லது நடக்கட்டும்னுதாம்மா..."

"நீங்க சொன்ன மறுநாளே நான் அவங்களுக்கு எழுதிப் போட்டேன் மாமா. தப்பு என்னோடதில்லன்னு தெரிஞ்சதும் ஒரு தைரியம் வந்துச்சு. இன்டர்வியூவுக்குத் தேதிகூடக் குடுத்தாங்க. இன்னிக்கு போன் பண்ணி சிரிக்கிறாங்க. உங்க மாமனார் சிபாரிசு பண்ணியிருக்காரே, வீட்டுப் பிரச்சனையெல்லாம் முடிச்சுட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்னு வச்சுட்டாங்க."

பையை இறக்கிக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கும் என்னை ஒரு வார்த்தை கேக்கலை. இன்னிக்கும் கேக்கலை. என்னோடதுன்னா உங்களுக்குக் கை வைக்காம இருக்க முடியாதா மாமா?"

அவள் என்னிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு முறைதான். நானே அவர்களுக்கு போன் செய்து விளக்குகிறேன் என்று ஆரம்பித்தேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "வேணாம் மாமா. தயவுசெஞ்சு வேணாம்."

இரண்டு மாதத்தில் காட்டூரில் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மகனுக்கு வேலைக்குப் பக்கம் என்று காரணம் சொன்னார்கள். அங்கே வீடு கட்டிக் கொடுக்கும் ஒருவரின் அலுவலகத்தில் அவள் வரைபடம் போடுகிறாள் என்று பிறகு மகன் வாய்தவறிச் சொன்னான். என்னிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருப்பாள் போலிருக்கிறது.

மாதம் ஒரு முறை இருவரும் வருகிறார்கள். காலைத் தொட்டுக் கும்பிடுகிறாள், மாத்திரை போட்டேனா என்று விசாரிக்கிறாள், மூன்று நாளைக்குக் குழம்பு வைத்துவிட்டுப் போகிறாள். ஒரு குறை சொல்ல முடியாது. வேலை எப்படிம்மா இருக்கு என்று ஒருமுறை கேட்டேன். "போயிட்டிருக்கு மாமா" என்றாள். அதற்குமேல் நான் கேட்பதில்லை.