நீலப் புள்ளி வைத்த பேரிங்

என் தங்கை வீட்டுக்காரர் வேனில் முட்டை ஏற்றிக்கொண்டு போய்க் கடை கடையாகப் போடுகிறவர். நான் அவரை மாப்பிள்ளை என்பேன். அவர் என்னை மச்சான் என்பார். எங்கள் வட்டாரத்தில் மற்ற எல்லோருக்கும் அவர் "காது".

பெயர் சும்மா வரவில்லை. மற்றவன் வண்டியில் சத்தம் வந்தால் பாட்டுப் பெட்டியைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓட்டுவான். முட்டைக்காரனுக்கு அப்படி முடியாது. பின்னால் எங்கேயாவது "டிக்" என்றால் மாப்பிள்ளைக்கு நெஞ்சு நின்றுவிடும். வேனை ஓரம் கட்டி, இறங்கி, குனிந்து, காதை வைத்துக் கேட்பார். பல வருஷம் இப்படியே கேட்டுக் கேட்டு அந்தக் காது வீட்டுக்குள்ளும் சும்மா இருப்பதில்லை. கல்யாணமான புதிதில் என் தங்கையிடம், "உன் இடது செருப்புல ஒரு சத்தம் வருது" என்றாராம். அவள் செருப்பைக் கழற்றினாள். பழுது பார்ப்பதற்கு இல்லை.

அவருக்கு இன்னொரு குணமும் உண்டு. முட்டைத் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. முட்டை அடுக்கிய அட்டை கடைக்குள் போனால், காலி அட்டை கடையிலிருந்து வெளியே வந்தாக வேண்டும். வாங்காமல் வந்தால் போனது போனதுதான். அடுத்த முட்டைக்காரன் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அதனால் தன் அட்டை ஒவ்வொன்றிலும் மூலையில் நீலப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்திருப்பார். சின்ன டப்பாவும் குச்சியும் வேனில் எப்போதும் இருக்கும். இந்தப் பழக்கம் முற்றிப்போய், வீட்டில் வாளி, குடை, நாற்காலிக் கால் எல்லாவற்றிலும் நீலப் புள்ளி. என் தங்கை நெற்றி தப்பியது அவள் வாய்க்குப் பயந்துதான்.

இப்படிப்பட்ட மனிதர் டாக்டரின் கையில் சிக்கினால் என்ன ஆகும்?

டாக்டர் என்றால் ஊசி போடுகிறவன் இல்லை. என் சலூனுக்கு எதிர்ச்சாரியில் வண்டிப் பட்டறை வைத்திருக்கிறவன். ஓடுகிற இஞ்சினில் நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை வைத்து, கைப்பிடியைத் தன் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வான். பிறகு ஒரு பெருமூச்சு விடுவான். அந்தப் பெருமூச்சிலேயே வண்டிக்காரனுக்குப் பாதி உயிர் போய்விடும். "நல்ல வேளை, இன்னைக்குக் கொண்டு வந்தீங்க" என்பான். நாளைக்குக் கொண்டு வந்தவனிடமும் அதையேதான் சொல்வான்.

வைத்தியம் நடக்கும்வரை வண்டிக்காரர்கள் உட்கார இடம் வேண்டும். பட்டறையில் ஒரு டயர்தான் கிடக்கிறது. என் கடையில் பெஞ்சு உண்டு, மின்விசிறி உண்டு. சும்மா உட்காரக் கூச்சப்பட்டுக்கொண்டு முடி வெட்டிக்கொள்வார்கள். மாப்பிள்ளை வேன் பட்டறைக்கு வந்து வந்து, அவர் தலை அவர் விற்கிற சரக்கு மாதிரியே ஆகிவிட்டது.

"வெட்டறதுக்கு என்ன இருக்கு மாப்பிள்ளை?"

"சும்மா கத்தரியை மேல ஓட்டுங்க மச்சான். அந்தச் சத்தம் மனசுக்கு நல்லா இருக்கு."

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து என் தங்கைக்குப் பொறுமை போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்கு வரச்சொல்லி, என் முன்னாலேயே தீர்ப்புச் சொன்னாள்.

"அண்ணே, நீயே சாட்சி. இன்னொரு தடவ அந்த வேன் பட்டறைக்குள்ள போச்சுன்னு என் காதுல விழுந்துச்சு, அன்னைக்கே வித்துருவேன். வாங்கறதுக்குப் பால்காரர் ரெடியா இருக்காரு."

"வித்துட்டு நான் என்ன பண்றது?" என்றார் மாப்பிள்ளை.

"அண்ணன் கடையில முடி கூட்டுங்க."

மாப்பிள்ளை நல்ல மனிதர்தான். ஆனால் காலையிலிருந்து சாயங்காலம்வரை என் கத்தரி, என் சீப்பு, என் மின்விசிறி எல்லாவற்றையும் காது வைத்துக் கேட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால் நான் யார் தொண்டையில் சவரக்கத்தி வைப்பேன்? அவருக்கோ என்னைவிடப் பெரிய கலக்கம். அந்த வேனின் முகத்தைக் குழந்தைக்குத் துடைப்பதுபோல் துடைப்பவர். வேன் இல்லாவிட்டால் அவர் வெறும் அட்டை.

"இனிமே சத்தமே கேக்க மாட்டேன்" என்று பெண்டாட்டிக்கு வாக்குக் கொடுத்தார்.

அந்த வாரமே கேட்டுவிட்டது.

முன்சக்கரப் பக்கம் "கிர்ர்" என்றதாம். வெள்ளிக்கிழமை, திருட்டுப் பூனை மாதிரி வேனைப் பட்டறைக்குள் பின்பக்கமாக நுழைத்தார். அதுவரை அவருக்கு பெல்ட்டில் கோளாறு, ஆயிலில் கோளாறு, எங்கேயோ காற்றுப் புகுந்த கோளாறு என்று சளி, இருமலாகவே சொல்லி வந்த டாக்டர், அன்றைக்குப் பெரிய வியாதியை எடுத்தான்.

பட்டறைக்குள் கொஞ்ச நேரம் "டங் டங்" என்றது. பிறகு கந்தல் துணியில் ஒரு பேரிங்கை ஏந்திக்கொண்டு வந்தான். கன்னங்கரேலென்று, ஓரம் உடைந்து, உள்ளே குண்டு பாதி இல்லாமல், பார்க்கவே பிணம் மாதிரி இருந்ததாம்.

"பாத்தீங்களா சார்? இதை வெச்சுக்கிட்டா ஓட்டிட்டு இருந்தீங்க? வீட்ல யாரு செஞ்ச புண்ணியமோ."

மாப்பிள்ளை நடுங்கிப் போனார். நடுங்கினாலும் தொழில் பழக்கம் போகுமா? கையை நீட்டினார்.

"குடுங்க."

"எதை?"

"பழசை. புதுசு போட்டீங்கல்ல? பழசு என்னுது."

"இது எதுக்கு சார் உங்களுக்கு? அழுக்கு. குப்பை."

"அழுக்கானாலும் என் அழுக்கு. புதுசு உள்ள போனா பழசு வெளிய வரணும். அதுவும் இல்லாம வீட்ல கேட்டா காட்டணும். பொய்ச் சத்தம் இல்லன்னு இதுதான் சாட்சி."

டாக்டர் அதைத் துணியோடு மார்பில் அணைத்துக்கொண்டான். "இதை வீட்ல வெக்கக் கூடாது சார், துரு பரவும்" என்றான். மாப்பிள்ளை விடவில்லை. பட்டறை வாசலில் வேறு இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் டாக்டர் கையை விட்டான். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற தகப்பன் மாதிரி நின்றான் என்று மாப்பிள்ளையே பிறகு சொன்னார்.

வாங்கியவர் நேராக வேனுக்குப் போய், பேரிங்கைத் துடைத்து, நீலப் புள்ளி வைத்தார். பெண்டாட்டி கேட்டால் எடுத்துக் காட்டலாம், கேட்காவிட்டால் வாயைத் திறக்க வேண்டாம் என்று அதே கந்தலில் சுற்றி சீட்டுக்கு அடியில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை, நான் கடை திறந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டார். முகத்தில் ரத்தமில்லை.

"மச்சான், செத்தேன். புதுச் சத்தம். கடக் கடக் கடக். வளைவுல அதிகமா இருக்கு. வண்டியோட எலும்பே கழண்டுடுச்சு போல."

"பேசாம வீட்டுக்குப் போங்க மாப்பிள்ளை. உங்க பெண்டாட்டிக்குத் தெரிஞ்சா..."

"முன்னூறு கண்ணாடிக் கோலியை உருட்டி விட்ட மாதிரி கேக்குது மச்சான். எப்படிப் போறது?"

அதற்குள் வேன் பட்டறைக்குள் இருந்தது. டாக்டர் அதைப் பார்த்ததும் ஓடி வந்த வேகம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மாப்பிள்ளையை என் கடைக்கே தள்ளிக்கொண்டு வந்து, "நீங்க உக்காருங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றான். நான் முகத்துக்கு நுரை போட ஆரம்பித்தேன். பெஞ்சில் தபால்காரர் தன் ஸ்கூட்டருக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடியில் எதிர்ப் பட்டறை தெரியும். வழக்கமாக ஸ்குரூ டிரைவரை எடுப்பவன் அன்றைக்கு இஞ்சின் பக்கமே போகவில்லை. வேனுக்குள் தலையை விட்டான். வெளியே கால் இரண்டு மட்டும் உதைத்துக்கொண்டிருந்தது. அட்டைகளை நகர்த்தினான், பெட்டியைத் திறந்தான், சீட்டைத் தூக்கினான். பிறகு வெளியே வந்தான் பாருங்கள், திருவிழாக் கூட்டத்தில் தொலைத்த தாயைக் கண்டுபிடித்தவன் மாதிரி ஒரு முகம்.

பின்னாலேயே அவன் மூளை வேலை செய்திருக்க வேண்டும். கையில் கிடைத்ததைச் சும்மா விடுவானா? கிரீஸை எடுத்து அதன்மேல் நன்றாக அப்பிக்கொண்டு நேராக என் கடைக்குள் வந்தான். மாப்பிள்ளை கண்ணை மூடி, முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்தார். அவர் காதுப் பக்கம் பேரிங்கை ஆட்டினான்.

கடக் கடக் கடக்.

"இதேதான்!" என்று துள்ளி எழுந்தார் மாப்பிள்ளை. என் கத்தி இன்னும் பெட்டியில் இருந்ததால் அவருக்கு மூக்கு மிஞ்சியது. "காலையிலேர்ந்து கேட்ட சத்தம் இதேதான்!"

"அதான் சார். உங்க வண்டியிலேர்ந்துதான் எடுத்தேன். சத்தியமா."

அந்தப் பட்டறை திறந்த நாளிலிருந்து அவன் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும். குரலிலேயே ஒரு தெளிவு இருந்தது.

மாப்பிள்ளை பேரிங்கைக் கையில் வாங்கினார். வழக்கம்போல் மூலையைத் தேடினார். வட்டமான பொருளுக்கு மூலை ஏது? தன் தோளில் கிடந்த துண்டால் சுற்றிலும் துடைத்தார். கிரீஸ் போயிற்று. நீலப் புள்ளி பளிச்சென்று சிரித்தது.

அதை மாப்பிள்ளை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது நேத்து எடுத்த பேரிங் ஆச்சே?" என்றார் மாப்பிள்ளை.

"அது... திரும்ப உள்ள போயிருக்கும் சார்."

"தானாவா?"

"சில வண்டியில அப்படி ஆகும்."

தபால்காரர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். "இருங்க இருங்க. இந்த உடைஞ்ச ஓரம் எனக்குத் தெரியும். இது என் ஸ்கூட்டர்லேர்ந்து எடுத்தது."

"உங்களுதா? புள்ளி யாருது?" என்றார் மாப்பிள்ளை.

"புள்ளி வெச்சா உங்களுது ஆயிடுமா? நாளைக்கு என் மேல வெப்பீங்க, நான் உங்க வீட்டுக்கு வந்துடணுமா?"

திருடன் நடுவில் நிற்கிறான், இவர்கள் களவு போன பொருளுக்குச் சண்டை போடுகிறார்கள். நுரை முகத்தோடு மாப்பிள்ளை ஒரு பக்கம் இழுக்க, தபால்காரர் மறு பக்கம் இழுக்க, வாசலில் நிழல் தட்டியது. என் தங்கை. பின்னால் பால்காரர்.

"வேன் பட்டறையில நிக்குதுன்னு சொன்னாங்க" என்றாள். சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போடாவிட்டால்தான் பயம். "சாவியக் குடுங்க."

மாப்பிள்ளை கையிலிருந்த பேரிங் தானாகத் தரைக்கு இறங்கியது. நுரைக்கு நடுவில் கண் இரண்டும் கலங்கியது எனக்குத் தெரிந்தது. சோப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். சாவியை எடுத்து நீட்டினார்.

அப்போதுதான் பால்காரர் வாயைத் திறந்தார். "அட, என் பேரிங் இங்க என்ன பண்ணுது?"

"உங்களுதா?" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கேட்டோம்.

"போன மாசம் என் வண்டியிலேர்ந்து எடுத்துக் காட்டினாரே இவரு! இந்தச் சொத்தைப் பல்லை மறப்பேனா?"

ஸ்கூட்டருக்கும் அதே பேரிங், பால் வண்டிக்கும் அதே பேரிங், முட்டை வேனுக்கும் அதே பேரிங். எல்லோர் தலையும் டாக்டர் நின்ற பக்கம் திரும்பியது. டாக்டர் நின்ற இடத்தில் கதவு ஆடிக்கொண்டிருந்தது. எதிரே பட்டறை ஷட்டர் கடகடவென்று இறங்கியது.

"அந்த ஷட்டர்லதான் உண்மையான சத்தம் வருது" என்றார் மாப்பிள்ளை. "ரோலர் தேஞ்சுருச்சு."

என் தங்கை பேரிங்கைக் குனிந்து எடுத்தாள். புள்ளியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். "அப்போ நம்ம வேனுக்கு ஒண்ணுமே இல்லையா?"

"சத்தம் மட்டும்தான்" என்றார் அவர்.

பால்காரருக்கு முகம் மலர்ந்தது. "ஒண்ணுமே இல்லையா? நல்ல வண்டியா? அப்போ இப்பவே எடுத்துக்கறேன் தங்கச்சி. சாவியக் குடும்மா."

அவசரப்பட்டுவிட்டார். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் வேன் அவர் வாசலில் நின்றிருக்கும். என் தங்கை சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நல்ல வண்டியை எதுக்குங்க விக்கறேன்? ஓட்டைன்னு நெனச்சுத்தானே உங்களுக்குக் குடுக்க வந்தேன்?"

பால்காரர் இதை மனசுக்குள் திருப்பிப் பார்த்துக்கொண்டே வெளியே போனார். பேரிங் என் தங்கையோடு போயிற்று. இப்போது அது அவள் சமையலறை அலமாரியில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாப்பிள்ளை, "இன்னைக்கு வேன்ல ஒரு மாதிரி..." என்று ஆரம்பித்தால், எடுத்து அவர் காதுப் பக்கம் ஆட்டுவாள். "இந்த மாதிரியா?" இல்லை என்று தலையாட்டிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போவார்.

டாக்டர் ஷட்டரைத் திறக்க ஒரு வாரம் ஆனது. திறந்ததும் முதலில் என்னிடம்தான் வந்தான். "அண்ணே, தங்கச்சிகிட்ட சொல்லி அதைக் கொஞ்சம் வாங்கிக் குடுங்கண்ணே. அந்த மாதிரி ஒண்ணு தேஞ்சு வர எத்தனை வருஷம் ஆகும்னு உங்களுக்குத் தெரியாது." சீப்பாலேயே தலையில் ஒன்று போட்டு அனுப்பினேன்.

மாப்பிள்ளைக்கு முடி வளர்ந்துவிட்டது. போன வாரம் அசல் முடிவெட்டுக்கு வந்தார். துணியைப் போர்த்தி, நாற்காலியைத் திருப்பினேன். பாதித் திருப்பத்தில் கையைத் தூக்கினார்.

"மச்சான், இருங்க. இந்த நாற்காலிக்கு அடியில..."

"தலையைக் குனிங்க மாப்பிள்ளை" என்றேன்.

குனிந்தார். காது மட்டும் நிமிர்ந்தே இருந்தது.